ஹுவாஸ்கர் கப்பலைத் தேடி: மயிலாப்பூரிலிருந்து பெசன்ட் நகர் வரை

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். அழகாக இருக்குமே என்று எதையும் சேர்க்க மாட்டேன். சங்கடமாக இருக்கிறதே என்று எதையும் விடவும் மாட்டேன். நம் கையெழுத்து இதழில் இதற்கு முன் பயணக் கட்டுரை எழுதியவர்கள் எல்லாம் ஊட்டிக்கும் கன்னியாகுமரிக்கும் போய்வந்தவர்கள். நான் போனது மொத்தம் பன்னிரண்டு கிலோமீட்டர் இருந்தால் அதிகம், அதுவும் சென்னைக்கு உள்ளேயே. ஆனாலும் நவராத்திரி சமயத்தில் ஒரே நாளில் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு என்று கொலு பார்க்கக் கிளம்ப நினைப்பவர்களுக்கு இது பயன்படும் என்று நம்புகிறேன்.

நான் கொலு பார்க்கக் கிளம்பவில்லை. என் கப்பலைத் திரும்ப வாங்கிவரக் கிளம்பினேன்.

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் திங்கட்கிழமை எங்கள் பள்ளியில் வரலாற்றுக் கண்காட்சி. சுதந்திரப் பொன்விழா ஆண்டு என்பதால் என் வகுப்பில் ஏழு பேர் செங்கோட்டை செய்தார்கள். நான் ஹுவாஸ்கர் செய்தேன். அது போன நூற்றாண்டின் இரும்புக் கவசப் போர்க்கப்பல். பிஸ்கட் தகரத்தை வெட்டி மடக்கி உடல், பாலீஷ் டப்பாவில் சுழலும் பீரங்கிக் கோபுரம், பேனா மூடிகளில் இரண்டு பீரங்கிகள், துடைப்பக் குச்சியில் கொடிமரம். இடுக்குகளில் மெழுகு ஊற்றி அடைத்து, உள்ளே கூழாங்கல் போட்டு எடை சரிபார்த்து, குளியலறை வாளியில் மிதக்கவிட்டும் பார்த்துவிட்டேன். பிறகு மூன்று நாள் சாரணியர் முகாமுக்குப் போய்த் திரும்பி வந்தால் அலமாரி காலி.

"பத்மா கொலுவுக்குக் கேட்டா. கொடுத்தேன். ஆத்துல சும்மாதானே கெடந்தது?" என்றாள் அம்மா. பத்மா என் சித்தி. தியாகராய நகரில் இருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினேன். மாட வீதியில் அப்போதே கொலு பொம்மைக் கடைகளைச் சுற்றிக் கூட்டம். லஸ் முனையில் 12பி பேருந்து ஏறினேன். கட்டணம் இரண்டு ரூபாய். ஜன்னலோர இருக்கை கிடைத்தது. கப்பலைக் கொண்டுவருவதற்காக ஒரு பெரிய துணிப்பையும் இரண்டு பழைய துண்டுகளும் மடியில் வைத்திருந்தேன். வழியெல்லாம் கண்காட்சியில் என்ன பேசுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். அந்தப் பேச்சு முழுவதையும் இங்கே எழுதினால் இதழாசிரியர் வெட்டிவிடுவார். சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஹுவாஸ்கர் தென் அமெரிக்காவில் பெரு நாட்டுக்காக இங்கிலாந்தில் கட்டப்பட்டது. பெரிய கப்பல் இல்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தெரியும் தாழ்ந்த உடல், அதன்மேல் இரும்புத் தகடுகள், முன்னால் எதிரிக் கப்பலை முட்டித் துளைக்க ஒரு மூக்கு. 1879-இல் பெருவுக்கும் சிலிக்கும் போர் மூண்டபோது, அந்தக் கரையில் பெருவின் கையில் மிஞ்சிய நல்ல கப்பல் என்று சொல்ல ஏறக்குறைய இது ஒன்றுதான் இருந்தது. ஆகவே ஏறக்குறைய ஐந்து மாதம் இது ஒற்றையாகவே சுற்றியது. இன்று ஒரு துறைமுகத்தில் தோன்றும், நாளை வேறொன்றில். எதிரியின் சரக்குக் கப்பல்களைப் பிடிக்கும். பெரிய கப்பல்கள் துரத்தினால் ஓடிவிடும். இது எங்கே இருக்கிறது என்று தெரியாததாலேயே சிலி தன் படைகளை நினைத்த இடத்தில் இறக்க முடியாமல் தவித்தது. கடைசியில் அக்டோபர் எட்டாம் தேதி இரண்டு பக்கமும் வளைத்துப் பிடித்துவிட்டார்கள். கப்பலை எதிரிக்குக் கொடுக்க மனமில்லாமல் மாலுமிகள் அடித்தளக் குழாய்களைத் திறந்து மூழ்கடிக்கப் பார்த்தார்கள். சிலிக்காரர்கள் ஏறி வந்து அவற்றை மூடிவிட்டார்கள். பழுது பார்த்து, கொடியை மாற்றி, அதே போரில் அதே கப்பலைப் பெருவுக்கு எதிராகவே ஓட்டினார்கள். பெருவின் கொடி பறந்தபோது கப்பலின் தலைவர் செத்தார். சிலியின் கொடி பறந்தபோது அடுத்த தலைவரும் அதன் தளத்திலேயே செத்தார்.

பனகல் பூங்காவுக்கு அருகே இறங்கும்போது மணி ஒன்பது ஐம்பது. சித்தி வீடு அங்கிருந்து பத்து நிமிட நடை. தீபாவளித் துணி வாங்கும் கூட்டம் இப்போதே தொடங்கிவிட்டது. பை வைத்திருப்பவர்கள் அதை முன்பக்கம் அணைத்துக்கொண்டு நடப்பது நல்லது.

சித்தியின் கொலு ஏழு படி. கீழே தரையில் பூங்காவுக்குப் பதில் தெர்மகோலில் நாடாளுமன்றக் கட்டடம், வட்டமாகத் தூண்களோடு. அதைச் சுற்றிக் கொடி பிடித்த செட்டியார் பொம்மைகள். என் கப்பல் எங்கும் இல்லை.

"அந்த எம்டனா? அது இங்க இல்லையேடி உமா," என்றாள் சித்தி.

முதல் உலகப் போரில் சென்னைமீது குண்டு போட்ட ஜெர்மன் கப்பலின் பெயர் எம்டன். நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் பீரங்கி வைத்த எல்லாக் கப்பலும் எம்டன்தான். நான் பொறுமையாக இது ஹுவாஸ்கர், வேறு நாடு, வேறு காலம் என்று விளக்கினேன்.

"ஏதோ ஒண்ணு. பார்லிமெண்ட் வாசல்ல பீரங்கியை நிறுத்தினா நன்னாவா இருக்கு? மூவர்ணக் கொடிகூட ஒட்டிப் பார்த்தேன், ஒத்து வரலை. லலிதா வந்தவ அதையே பார்த்துண்டு நின்னா. எடுத்துண்டு போன்னு கொடுத்துட்டேன்."

"சித்தி! நாளைக்கு எனக்குக் கண்காட்சி!"

"அதை என்கிட்ட யார் சொன்னா? ஒங்கம்மா சொன்னாளா?" சித்தி குரலைத் தாழ்த்தினாள். "லலிதாவோட பிள்ளை ரமேஷ் சரக்குக் கப்பல்ல எஞ்சினியர். அஞ்சு வாரமா ஃபோன் இல்லை, கடுதாசு இல்லை. அவ கப்பலைக் கேட்டப்போ நான் எப்படி மாட்டேன்னு சொல்றது? போய்ப் பார்த்துக் கேளு. ஆனா படியில ஏத்தியாச்சுன்னா விஜயதசமி வரைக்கும் எடுக்கப்படாதுன்னு ஒனக்கே தெரியும்."

தெரியும். கொலுவில் வைத்ததை நடுவில் எடுக்கக்கூடாது. விஜயதசமிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. ஆனாலும் கேட்டுப் பார்க்காமல் திரும்பக்கூடாது என்று நினைத்தேன். சித்தி அம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்லி அனுமதி வாங்கி, லலிதா மாமியின் அடையாறு முகவரியையும் எழுதிக் கொடுத்தாள்.

தியாகராய நகர் பேருந்து நிலையத்திலிருந்து அடையாறுக்கு சைதாப்பேட்டை வழியாகப் போனேன். ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஐம்பது நிமிடம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை என்றால் சாலை காலியாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். மத்திய கைலாசம் தாண்டிய பிறகுதான் மரநிழலும் காற்றும் வந்தன.

லலிதா மாமியின் வீடு பச்சைக் கேட் வைத்த மாடி வீடு. மாமிக்கு ஐம்பது வயதிருக்கும். பாட்டு வகுப்பில் சித்தியோடு படித்தவளாம். என்னைப் பார்த்ததும், "நீதான் கப்பல் பண்ணின பொண்ணா? வா, வா, வந்து பாரு," என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

கொலுப்படிகளுக்கு முன்னால் ஒரு பெரிய வெண்கல உருளி. அதில் நிறையத் தண்ணீர், ரோஜா இதழ்கள். நடுவில் ஹுவாஸ்கர் மிதந்துகொண்டிருந்தது. கோபுரத்தின் மேல் சந்தனமும் குங்குமமும். கொடிமரத்தில் சித்தி ஒட்டிய மூவர்ணக் கொடி. முதலில் எனக்கு அழுகை வந்தது. பெருவின் கொடி சிவப்பு, வெள்ளை, சிவப்பு. அதை நான் நகப் பூச்சு வைத்து எவ்வளவு கவனமாகத் தீட்டினேன்! பிறகு, நிஜக் கப்பலுக்கும் இதுதானே நடந்தது என்று தோன்றியது. அதற்கும் யாரையும் கேட்டுக்கொண்டா கொடி மாற்றினார்கள்?

"தரையில வெச்சா தரை தட்டின மாதிரி இருக்கு. அதான் தண்ணில விட்டேன்," என்றாள் மாமி.

கொடிமரம் துடைப்பக் குச்சி என்பதை மாமியிடம் சொல்லவில்லை. கொலுவில் துடைப்பமா என்று பதறிப்போவாள். சொல்லாமல் இருப்பது பொய்யாகுமா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

சாப்பாடு போட்டாள். சாப்பிட்டு முடித்ததும் மெதுவாகக் கண்காட்சியைப் பற்றிச் சொன்னேன்.  மாமி உருளியின் பக்கத்தில் உட்கார்ந்து வாடிய இதழ்களைப் பொறுக்கினாள். தொலைபேசி கைக்கெட்டும் தூரத்தில் ஸ்டூலின்மேல் இருந்தது. எக்ஸ்சேஞ்ச் மாற்றியதில் ஆகஸ்டில் தன் வீட்டு எண் மாறிவிட்டதாகவும், புது எண்ணைக் கடிதத்தில் எழுதியிருப்பதாகவும், அந்தக் கடிதம் எந்தத் துறைமுகத்தில் ரமேஷ் கைக்குப் போகுமோ தெரியவில்லை என்றும் சொன்னாள்.

"கம்பெனி ஆபீசுக்கு மூணு தரம் பண்ணிட்டேன். கப்பல் வந்துண்டிருக்குங்கறான். எங்கேர்ந்து எங்கேன்னு கேட்டா, தெரிஞ்சா சொல்றோம்ங்கறான்."

பிறகு கப்பலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "இது நெஜமா இருந்த கப்பலாமே. பத்மா சொன்னா. இதுல போனவாள்லாம் நன்னபடியா திரும்பி வந்தாளா?"

 "கப்பல் இன்னிக்கும் மிதக்கறது மாமி. சிலில ஒரு துறைமுகத்துல அருங்காட்சியகமா வெச்சிருக்கா. ரெண்டு நாட்டுக்காரா படமும் உள்ள இருக்காம்."

"கப்பலைக் கேக்கலை. மனுஷாளைக் கேட்டேன்."

"எல்லாரும் வரலை மாமி," என்றேன்.

"கேப்டன்?"

"வரலை. அவர் நின்னுண்டிருந்த மேடையிலயே குண்டு விழுந்தது. அவருக்கப்புறம் பொறுப்பேத்துண்டவாளும் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா..."

மாமியின் விரல்கள் தண்ணீரிலேயே நின்றுவிட்டன. ஏன் சொன்னேன் என்று இருந்தது. பொய் சொல்லக்கூடாது என்பது சரி, அதற்காக இப்படியா? அதைத் தாங்காமல், கேட்காததையும் சொல்ல ஆரம்பித்தேன். போரின் தொடக்கத்தில் ஹுவாஸ்கர் சிலியின் ஒரு மரக் கப்பலோடு மோதியது. மரக் கப்பலின் தலைவர் சரணடையவில்லை. ஹுவாஸ்கர் மூன்று முறை முட்டியது. முட்டிய நேரத்தில் அந்தத் தலைவர் வாளோடு ஹுவாஸ்கரின் தளத்தில் குதித்து அங்கேயே செத்தார். மரக் கப்பல் மூழ்கியது.

"தண்ணில விழுந்தவாளை யார் தூக்கினா?"

"இவாதான் மாமி. மூழ்கடிச்சவாளே படகை இறக்கித் தூக்கினா. அதோட, செத்துப்போன அந்தக் கேப்டனோட வாள், சாமானெல்லாம் பத்திரமா எடுத்து, அவரோட ஆத்துக்காரிக்கு அனுப்பிச்சார் இந்தக் கப்பல் கேப்டன். கூட ஒரு லெட்டரும் எழுதினார்."

"எதிரிக்கா?"

"எதிரியோட ஆத்துக்காரிக்கு."

"சண்டைக்கு நடுவுல?"

"ஆமாம்."

மாமி கையைத் துடைத்துக்கொண்டாள். என்னிடம் இல்லை, தனக்குத்தானே சொல்வதுபோல், "ஆரோக்கியராஜோட அம்மாவுக்கு யார் சொல்லியிருப்பா?" என்றாள்.

ரமேஷ் போன கப்பலிலேயே எஞ்சின் அறையில் எண்ணெய் போடும் வேலையில் ஒரு பையன் இருக்கிறானாம். பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயில் பக்கத்துக் குப்பத்துப் பையன், அம்மா மீன் விற்கிறாள் என்று ரமேஷ் ஒரு கடிதத்தில் எழுதியிருந்தான். மாமி படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டாள். "என்கிட்டயாவது ஃபோன் இருக்கு, ஆபீஸ் நம்பர் இருக்கு. அவளுக்கு என்ன இருக்கு? நாலு எட்டுல இருக்கா. நான் ஒரு தரம் போய்ப் பார்க்கலை," என்றாள். உடனே எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். "நீயும் வா. வர்றச்சே ஒன் கப்பலைப் பத்திப் பேசலாம்."

தெருமுனையில் ஆட்டோ கிடைத்தது. இரண்டு கிலோமீட்டருக்கு இருபது ரூபாய் கேட்டார் ஓட்டுநர்.

"மீட்டர் போடுப்பா."

"மீட்டரு ஓடல மாமி. அது ஓடினா நான் ஏன் இப்படி கீறேன்? கோயிலாண்டயா?"

"கோயிலுக்கு இல்லை. குப்பத்துக்கு. ஆரோக்கியராஜ்னு ஒரு பையன், கப்பல்ல வேலை. அவாம்மாவைப் பார்க்கணும்."

ஓட்டுநர் திரும்பி மாமியின் மூக்குத்தியையும் பட்டுக்கரைப் புடவையையும் ஒருமுறை பார்த்தார். "அந்தோணியம்மா வூடா? உனக்கு இன்னா மாமி அங்க வேல? மீனு வாங்கப் போறியா?" என்று சிரித்தார். மாமி சிரிக்கவில்லை. அவரும் பேச்சை நிறுத்திக்கொண்டு, பதினைந்து ரூபாய் போதும் என்றார்.

மூன்றரை மணிக்குக் குப்பத்தில் இறங்கினோம். கோயிலிலிருந்து கடலோரமாக வடக்கே நடந்தால் வலைகள் காயும் மணல், அதைத் தாண்டி நெருக்கமான சின்ன வீடுகள். மூன்றாவது வரிசையில் நீலக் கதவு வைத்த வீட்டு வாசலில் ஒரு அம்மா ஈரத் தலையை உலர்த்திக்கொண்டிருந்தார். காலையிலேயே வியாபாரம் முடித்துக் குளித்துவிட்டார் போலிருக்கிறது. மீன்கூடை கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

"யாரு வோணும்?"

"ஆரோக்கியராஜோட அம்மா..."

அவர் சட்டென்று எழுந்துவிட்டார். "நான்தான். இன்னா ஆச்சு எம் புள்ளைக்கி?"

"ஒண்ணும் ஆகலை, ஒண்ணும் ஆகலை," என்று மாமி அவசரமாகச் சொன்னாள். "நான் ரமேஷோட அம்மா. அதே கப்பல். உங்களுக்குத் தகவல் ஏதாவது தெரியுமோ தெரியாதோன்னு பார்த்துட்டுப் போக வந்தேன்."

அந்தோணியம்மா மாமியை ஏற இறங்கப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"அடையாறா? பச்ச கேட்டு, மாடி வூடு?"

"ஆமாம். உங்களுக்கு எப்படி..."

"எப்படித் தெரியுமா! வெசாயக்கெழம உன் வூட்டு கேட்டாண்ட வந்து நின்னனே! நான் வாயத் தொறக்கறதுக்குள்ள, மேல நின்னுகினு, மீனெல்லாம் வாணாம் போம்மான்னு கைய ஆட்டினது நீதான?"

மாமி தலையைக் குனிந்துகொண்டாள்.

"எதுக்கு வந்தேன்னு ஒரு வார்த்த கேட்டியா? உன் தெருவுல மீனு விக்க வருவனா நானு? எனக்கு இன்னா புத்தியா கெட்டுப்பூடுச்சி? நாலு வூட்டாண்ட நின்னேன். நாலு வூட்லயும் இதே பேச்சு. சர்தான் போங்கடின்னு வந்துட்டேன்."

"எதுக்கு வந்தேள்?" என்று மாமி கேட்டாள். 

"எதுக்கா? எம் புள்ள புதங்கெழம ராத்திரி எஸ்டிடி பூத்துக்கு போன் பண்ணான். கப்பல்ல மிசின் கெட்டுப்பூட்டு நடுக்கடல்ல நின்னுகினு இருந்திச்சாம். இப்ப ஏதோ ஊர்ல கட்டிக்கீதாம். உம் புள்ள நல்லா கீறாராம். வூட்டு நம்பரு போட்டா போவவே இல்லியாம். ஆத்தா, நீ போயி அண்ணன் வூட்ல சொல்லிடுன்னான். தெரு பேரு சொன்னான், வூட்டு நம்பரு சொல்றதுக்குள்ள கட்டாயிடிச்சி. அதான் கேட்டு கேட்டா நின்னுகினு இருந்தேன்."

"நன்னா இருக்கானா? ரமேஷ் நன்னா இருக்கானா?"

"நல்லா கீறான்னு சொல்றனே, காது கேக்கலியா?"

மாமி அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். தகவல் வியாழக்கிழமையே அவள் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறது. அன்றிலிருந்து மூன்று நாள் அவள் தொலைபேசியின் பக்கத்தில் படுத்திருக்கிறாள்.

"நான் கூடையைத்தான் பார்த்தேன். உங்களைப் பார்க்கலை," என்றாள் தலைப்புக்கு உள்ளிருந்து.

அந்தோணியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "அழுவாத மாமி. நீ அழுதா நான் எப்படித் திட்டறது? மூணு நாளா உன்னத் திட்டறதுக்குன்னே எல்லாம் யோசிச்சி வெச்சிருந்தேன்," என்றார். பிறகு என்னிடம், "ஏ பாப்பா, உள்ள ஸ்டூலு கீது, எடுத்தாந்து போடு. பட்டுப் பொடவையோட மணல்ல உக்காந்துகினு கீது உங்க மாமி. நீ யாரு, பேத்தியா?" என்றார்.

"இல்லை. நான் கப்பல் பண்ணினவள்," என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நியாயம்தான்.

டீ போட்டுக் கொடுத்தார். மாமி குடித்தாள். மயிலாப்பூர்க்காரர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மாமியின் ஆசாரத்தில் மீன் சமைக்கும் வீட்டில் எதையும் குடிப்பதில்லை. ஆரோக்கியராஜ் அன்றைக்கு, ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு, மறுபடி பூத்துக்குப் பேசுவதாகச் சொல்லியிருந்தானாம். மாமி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பயணக் கட்டுரை என்ற அளவில் என் பயணம் இங்கே முடிகிறது. இதே வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மயிலாப்பூரை முதலில் வைத்துக்கொள்ளாமல் மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு போட்ட பிறகுதான் கடைவீதி அழகு. தியாகராய நகரைப் பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். எல்லா வீட்டிலும் சுண்டல் தருவார்கள், அதனால் ஒரு டப்பா எடுத்துப் போங்கள். பேருந்துக்கும் பாதி ஆட்டோவுக்கும் சேர்த்து எனக்குப் பதினெட்டு ரூபாய்க்குள்தான் ஆயிற்று; திரும்பும் செலவு மாமியுடையது. கொலுவுக்கு எதையாவது இரவல் கொடுக்கும் முன் அதைச் செய்தவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எங்கள் அம்மாவும் இதைப் படிப்பாள்.

கண்காட்சிக்குக் கப்பல் இல்லாமல்தான் போனேன்; மாமியிடம் மறுபடி அதைக் கேட்கவே இல்லை. ஹுவாஸ்கரின் படத்தைப் பெரிதாக வரைந்து ஒட்டி, பக்கத்தில் நின்று பேசினேன். ஆசிரியை, மாதிரி எங்கே என்று கேட்டார். வேலையில் இருக்கிறது என்றேன். பரிசு ஒரு செங்கோட்டைக்குப் போனது.

இதுவரை நான் அந்தக் கப்பலின் போர்ச் சேவை என்று எழுதி வைத்திருந்ததெல்லாம் எத்தனை மோதல், எத்தனை கப்பலைப் பிடித்தது என்பதுதான். அந்தக் கடிதத்தைப் பற்றிக் கடைசி வரியில் சின்னதாக எழுதியிருந்தேன். கண்காட்சியில் அதைத்தான் முதலில் சொன்னேன். போர் நடக்கும்போது எதிரி வீட்டுக்குத் தகவல் கொண்டுபோய்ச் சேர்த்தவர் ஒருவர் இருந்தார். நம் ஊரில் போர் ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் அடையாறுக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவில் இரண்டு கிலோமீட்டரில் ஒரு தகவல் போய்ச் சேரவில்லை.

உண்மை முழுவதையும் எழுதுவேன் என்று சொன்னதால், அன்று மாலையையும் எழுதிவிடுகிறேன்.

பூத் கோயிலுக்குப் போகும் தெருவில், மெழுகுவத்திக் கடைக்குப் பக்கத்தில் இருந்தது. ஐந்தரைக்கே போய்விட்டோம். அங்கிருந்து அம்மாவுக்குப் பேசி, தாமதமாகும் என்று சொன்னேன். திட்டு விழுந்தது. ஆறு மணி ஆயிற்று, அழைப்பு வரவில்லை. ஏழு ஆயிற்று. கடற்கரைக்கு வந்த கூட்டம் சுண்டலும் பஜ்ஜியுமாக எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. தொலைபேசி மணி அடிக்கும்போதெல்லாம் இரண்டு அம்மாக்களும் ஒன்றாக எழுந்தார்கள். யார் யாருக்கோ வந்த அழைப்புகள். அந்தோணியம்மா தன் மகனுக்கு நீச்சல் தெரியுமென்றும், ஆனால் மாடிப்படி ஏறினால் தலை சுற்றும் என்றும் சொன்னார். மாமி தன் மகனுக்கு நீச்சலே தெரியாது என்றாள். "பரவால்ல. எம் புள்ள கூட கீறான் இல்ல," என்றார் அந்தோணியம்மா.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூத்காரர் எட்டு மணிக்கு மூடிவிடுவாராம். ஏழே முக்காலுக்குப் பாதிக் கதவை இழுத்தார். "இன்னும் கொஞ்ச நேரம் நைனா. நான் இன்னா உன் வூட்டயா கேட்டேன்?" என்றார் அந்தோணியம்மா. அவர் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

எட்டைத் தாண்டிய பிறகுதான் மணி அடித்தது. பூத்காரர் எடுத்து, கேட்டு, அந்தோணியம்மாவிடம் நீட்டினார்.

"டேய்! ஏன்டா இம்மா நேரம்? வரிசையில நின்னியா? சரி, சரி, எனக்கு ஒண்ணுமில்ல. அண்ணன் பக்கத்துல கீறாரா? குடு. அட குடுடான்றேன், அவங்க அம்மா இங்க கீறாங்க. ஆமாண்டா, இங்கதான், பூத்துல!"

தன் மகனிடம் பேசியது அவ்வளவுதான். ரிசீவரை மாமியின் கையில் வைத்து அழுத்தினார்.

மாமி அதை இரண்டு கையாலும் பிடித்துக் காதில் வைத்துக்கொண்டாள். "சாப்பிட்டியாடா?" என்றாள். பிறகு, "பேனா இருக்கா? எழுதிக்கோ," என்று புது எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னாள். அவன் திருப்பிச் சொன்னபோது ஒவ்வொரு இலக்கத்துக்கும் தலையை ஆட்டினாள். "இங்கேயும் பண்ணு. நான் ஞாயித்துக்கிழமை இங்கதான் இருப்பேன்," என்றாள். இணைப்பு தானாகவே அறுந்தது.

வெளியே வந்ததும் மாமி அந்தோணியம்மாவிடம் தன் வீட்டுக் கதவு எண்ணைச் சொன்னாள். "நாளைக்குக் கொலுவுக்கு வாங்கோ."

"நாங்க வேதக்காரங்க மாமி. பொட்டெல்லாம் வெக்க மாட்டோம்."

"வெச்சுக்க வேண்டாம். வாங்கோ."

"யாவாரத்துக்குப் போயிட்டு அப்டியே வந்துருவேன். கூடை இருக்குமே?"

 "கூடையோடயே வாங்கோ," என்றாள் மாமி.

எங்கள் பின்னால் பூத்காரர் கதவை இழுத்துப் பூட்டினார். விளக்கை அணைத்துவிட்டார்.